ஆட்டிச நோயறிதலின் எல்லையும் 1997ஆம் ஆண்டு விதியும்: பேராக் தோட்டப்புறத்தை முன்வைத்து

1. சிக்கல்

ஆட்டிசம் என்று எந்தக் குழந்தைகளைக் குறிப்பது என்ற கேள்விக்கு மருத்துவம் ஒவ்வொரு தலைமுறையிலும் வேறு விடை தந்திருக்கிறது. 1943இல் லியோ கானர் விவரித்தவர்கள் 11 குழந்தைகள்; எட்டுச் சிறுவர், மூன்று சிறுமியர். 1966இல் விக்டர் லாட்டர் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் வட்டாரத்தில் எண்ணியபோது பத்தாயிரம் குழந்தைகளுக்கு 4.5 பேர் என்ற விகிதம் கிடைத்தது. 1979இல் லோர்னா விங்கும் ஜூடித் கோல்டும் லண்டன் கேம்பர்வெல் பகுதியில் சமூக உறவு, தொடர்பு, கற்பனை ஆகிய மூன்றிலும் ஒருசேரக் குறை உள்ளவர்களைத் தேடினர். விகிதம் பத்தாயிரத்துக்கு 21 ஆயிற்று. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு எட்டு வயதுக் குழந்தைகளிடையே 2000இல் 150 பேருக்கு ஒருவர். 2022ஆம் ஆண்டுத் தரவில் 31 பேருக்கு ஒருவர்.

இந்த விரிவைப் பற்றி அறிஞர்கள் இரு நிலைப்பாடுகளில் நிற்கின்றனர். எல்லை அளவுக்கு மீறி விரிந்துவிட்டது என்பது ஒன்று. அமெரிக்க உளநோய்க் கையேட்டின் நான்காம் பதிப்பை (1994) உருவாக்கிய குழுவின் தலைவர் ஆலன் பிரான்சிஸ், அதில் ஆஸ்பெர்கர் நோய்க்குறியைச் சேர்த்ததன் விளைவு எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு பெரிதாகிவிட்டதாகப் பின்னர் எழுதினார். மான்ட்ரியல் ஆய்வாளர் லோரான் மோத்ரோன் பங்கேற்ற 2019ஆம் ஆண்டு ஆய்வு, ஆட்டிசம் உள்ளோருக்கும் இல்லாதோருக்கும் இடையே அளக்கப்படும் வேறுபாடுகள் பல தளங்களில் காலப்போக்கில் சுருங்கி வருவதைக் காட்டியது. தெளிவான மூலவடிவங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று 2021இல் அவர் வாதிட்டார். அதே ஆண்டு லான்செட் ஆணையம், எந்நேரமும் பிறர் துணை தேவைப்படுவோரைத் தனியே குறிக்க 'ஆழ்ந்த ஆட்டிசம்' என்ற பெயரை முன்மொழிந்தது. எல்லை விரிந்ததால்தான் கண்ணில் படாதிருந்தவர்கள் கண்ணில் பட்டனர் என்பது மற்ற நிலைப்பாடு. தென்கொரியாவின் கோயாங் நகரில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு பள்ளிவயதுக் குழந்தைகளில் 2.64 விழுக்காட்டினருக்கு ஆட்டிசம் இருப்பதாகக் கண்டது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் எந்த நோயறிதலும் உதவியும் இல்லாமல் சாதாரணப் பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்தனர்.

இரு தரப்பும் எல்லையை வரைவது மருத்துவக் கையேடு என்று கொண்டே பேசுகின்றன. மலேசியாவின் பேராக் மாநிலத்தின் வரலாறு அந்த எடுகோளைச் சோதிக்க ஏற்றது. நாட்டின் மிகப்பெரிய மனநல மருத்துவமனை ஈப்போவுக்கு அருகில் தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிறது. குழந்தைக் காப்பகம், பள்ளி, மருந்தகம் மூன்றையும் முதலாளியே நடத்திய ரப்பர்த் தோட்டங்கள் அம்மாநிலம் முழுவதும் இருந்தன. அந்தத் தோட்ட அமைப்பு கலைந்த பிறகே ஆட்டிசம் என்ற சொல் அங்கிருந்து வந்த குடும்பங்களை எட்டியது. இச்சான்றுகளிலிருந்து இக்கட்டுரை பெறும் முடிவு இது: பேராக்கில் நோயறிதலின் எல்லையைக் கையேட்டைவிட வலுவாக வரைந்தவை, சான்றிதழ் கேட்ட பள்ளியும் நலத்துறையுமே.

2. ஈயால் குழுவினரின் வாசிப்பு

இத்துறையில் மிக விரிவான வரலாற்று விளக்கம், சமூகவியலாளர் கில் ஈயாலும் அவருடன் நால்வரும் 2010இல் வெளியிட்ட 'தி ஆட்டிசம் மேட்ரிக்ஸ்' என்னும் நூலில் உள்ளது. ஆட்டிசம் பெருகியதா, அல்லது அதைக் கண்டறியும் திறன் பெருகியதா என்ற வழக்கமான கேள்வியை அந்நூல் ஒதுக்கிவிடுகிறது. குழந்தைகளை வகைப்படுத்தும் நிறுவனங்களின் மொத்த அமைப்பும் மாறியதையே அது ஆராய்கிறது.

வாதத்தின் சாரம் வருமாறு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலை நாடுகளில் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளதாகக் கருதப்பட்ட குழந்தைகள் பெரும் விடுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். 1967இல் அமெரிக்க அரசு விடுதிகளில் ஏறத்தாழ 195,000 பேர் இருந்தனர். அந்நிலையில் அறிவுக் குறைபாடா, மனநோயா என்ற இரண்டே பெட்டிகள் போதுமானவையாக இருந்தன. நுண்ணிய வேறுபாடுகளைக் காண யாருக்கும் தேவை எழவில்லை. 1960களின் இறுதியிலிருந்து விடுதிகள் காலியாகத் தொடங்கின. குழந்தைகள் வீட்டில் வளர்ந்தனர். சிறப்புக் கல்வி, தொடக்கநிலைச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி ஆகியவை உருவாயின. பெற்றோரும் சிகிச்சையாளரும் கைகோத்தனர்: பெர்னார்ட் ரிம்லண்ட் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை, எரிக் ஷாப்ளர் பெற்றோரையே துணைச் சிகிச்சையாளராக ஆக்கினார். பழைய இரு பெட்டிகளுக்கும் இடையில் புதிதாகத் திறந்த வெளியை ஆட்டிசம் நிரப்பியது. எனவே ஆட்டிசத்தின் பெருக்கத்துக்கு அடிப்படை, அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ளோர் விடுதியிலிருந்து விடுவிக்கப்பட்டதே. நாட்டுக்கு நாடு விகிதம் வேறுபடுவதையும் நூல் இதே காரணத்தால் விளக்க முயல்கிறது.

இந்த வாசிப்பின் வலிமை மறுக்க முடியாதது. மருத்துவரின் அறையில் மட்டும் பார்வையைக் குவித்த வரலாறுகளைவிட அது மேலானது. பெற்றோரை நோயறிதலைப் பெற்றுக்கொள்பவர்களாக மட்டும் காட்டாமல் அதை உருவாக்கியவர்களாகவும் காட்டுகிறது. இவற்றை ஏற்றபின்னும் மூன்று இடர்ப்பாடுகள் எஞ்சுகின்றன.

முதலாவது காலவரிசை. அமெரிக்காவிலேயே விடுதிகள் காலியாகத் தொடங்கியதற்கும் எண்ணிக்கை செங்குத்தாக ஏறியதற்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. ஏற்றத்துக்கு மிக அருகில் நிற்கும் நிகழ்ச்சி 1990ஆம் ஆண்டுச் சட்டம். அது பள்ளிகளில் சிறப்புக் கல்வி பெறத் தகுந்த தனி வகையாக ஆட்டிசத்தைச் சேர்த்தது. ஆஸ்பெர்கர் நோய்க்குறி கையேட்டில் இடம்பெற்றது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து. விடுவிப்பு நிலத்தைப் பண்படுத்தியது என்று ஈயால் குழுவினர் விடை கூறக்கூடும். பண்படுத்துதல் எவ்வளவு காலத்துக்குப் பின்னும் பலன் தரலாம் என்றால் அந்த விளக்கத்தை எந்தச் சான்றாலும் மறுக்க இயலாது. மறுக்க இயலாமையை அதன் வலிமையாகக் கொள்ளவும் முடியாது.

இரண்டாவது அளவு. கலிபோர்னியாப் பதிவுகளை ஆராய்ந்த மரிசா கிங்கும் பீட்டர் பேர்மனும், முன்பு அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று பதிவாகியிருந்தோர் ஆட்டிசப் பிரிவுக்கு வந்ததால் விளைந்த உயர்வு ஏறத்தாழக் கால் பங்கு என்று 2009இல் மதிப்பிட்டனர். கால் பங்கு சிறியதன்று. எனினும் நூலின் முழு வாதமும் தாங்கி நிற்கும் அந்த இடப்பெயர்ச்சி, எஞ்சிய முக்கால் பங்கை விளக்கவில்லை.

மூன்றாவது இடர்ப்பாடே இங்கு முதன்மையானது. விடுவிப்புதான் அடிப்படைக் காரணம் என்றால், குழந்தைகளைப் பெருந்தொகையாக விடுதிகளில் அடைக்காத நாட்டில் ஆட்டிசத்தின் எல்லை விரிந்திருக்கக் கூடாது. குறைந்தது அதே வேகத்தில் விரிந்திருக்கக் கூடாது. மலேசியா அத்தகைய நாடு. அங்கே எல்லை விரிந்தது.

3. தஞ்சோங் ரம்புத்தானும் தோட்டமும்

தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911இல் திறக்கப்பட்டது. கூட்டு மலாய் மாநிலங்களின் மனநோயாளிகளுக்கென அமைந்த அது பின்னர் மத்திய மனநல மருத்துவமனை ஆனது. இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. ஊரின் பெயரே எல்லா இனத்தாரிடமும் வசைச்சொல்லாகும் அளவுக்கு அதன் நிழல் நீண்டது. அது இயங்கிய சட்டச் சூழல் மனநோய்ச் சட்டங்களுக்குரியது: 1952ஆம் ஆண்டின் மனக்கோளாறுச் சட்டம், அதற்கு மாற்றாக வந்து 2010இல் நடைமுறைக்கு வந்த 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம். அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள சிலரும் அங்கே சேர்க்கப்பட்டிருக்கக்கூடும்; அந்த அளவுக்கு ஈயாலின் வாசிப்புக்கு இடம் உண்டு. ஆனால் பேசாத குழந்தையை நான்கைந்து வயதில் அனுப்பிவைக்கும் இடமாக அது மாநில மக்களின் வாழ்வில் அமையவில்லை. அமெரிக்க விடுதிகளோடு ஒப்பிடத்தக்க நிறுவனமாக அதைக் கொள்ள முடியாது.

அக்குழந்தைகள் எங்கே இருந்தனர்? தோட்டப்புறத் தமிழரைப் பொறுத்தவரை விடை தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் கிடைக்கிறது. 1877 முதல் ரப்பர் கன்றுகள் கண்ட கோலகங்சாரைச் சுற்றியும், சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், பாகான் செராய் வட்டாரங்களிலும் தோட்டங்கள் பரவின. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரே இனத்தைச் சேர்ந்த 7 முதல் 14 வயது வரையுள்ள பத்துக் குழந்தைகளேனும் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்றது. விடியும் முன்னர் பால்மரம் வெட்டப் போகும் தாய் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். பிள்ளை வளர்ந்தால் தோட்டத் தமிழ்ப்பள்ளி. காய்ச்சல் வந்தால் தோட்ட மருந்தகத்தின் டிரெசர். மூன்றும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கின. வளர்ச்சி வேறுபாட்டை வகைப்படுத்தும் கடமை மூன்றில் எதற்கும் இல்லை. பேச்சு வராத பிள்ளை வகுப்பின் கடைசியில் உட்கார்ந்திருக்கலாம், பள்ளியிலிருந்து நின்றுபோகலாம், வயது வந்தபின் களை பிடுங்கும் வேலையில் சேரலாம். எந்த நிலையிலும் அவருக்கென ஒரு தாள் எழுதப்படவில்லை.

இப்பகுதி நேரடிச் சான்றைவிடத் தோட்ட அமைப்பிலிருந்து பெறும் ஊகத்தையே பெரிதும் சார்ந்தது. தோட்டக் கணக்குகள் வேலைக்கு வந்தவர்களை எழுதின; வராத பிள்ளைகளை எழுதவில்லை. அவ்வாழ்வை இனிமையானதாகக் காட்டவும் காரணமில்லை. வகைப்படுத்தப்படாத குழந்தை அரவணைக்கப்பட்டிருக்கலாம். அடித்து அடக்கப்பட்டோ, கேலிக்கு ஆளாகியோ, கோயில் கோயிலாக மந்திரிக்க அழைத்துச் செல்லப்பட்டோ இருக்கலாம். வாதத்துக்குத் தேவையான கூற்று சிறியது: தோட்டப்புறத்தில் காலியாவதற்கு ஒரு விடுதி இல்லை. விடுவிக்கப்படுவதற்கு முன்னர் ஒருவர் அடைக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஈயால் குழுவினர் விவரிக்கும் சமூகச் சிகிச்சை அமைப்புகூட மலேசியாவில் வேறு வழியில் வந்தது. சமூக அடிப்படையிலான மறுவாழ்வுத் திட்டம் 1984இல் திரங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட் ஊரில் தொடங்கியது. விடுதியிலிருந்து வெளியேறியவர்களை ஏற்கும் நோக்கம் அதற்கு இல்லை. எப்போதும் வீட்டிலேயே இருந்தவர்களைத் தேடி அது சென்றது. மலேசிய வரலாற்றின் திசை விடுவிப்பைவிடச் சேர்ப்பையே சுட்டுகிறது: எந்தப் பதிவிலும் இல்லாத குழந்தைகள் முதன்முறையாக ஒரு பதிவுக்குள் வருகின்றனர்.

4. 1997ஆம் ஆண்டு விதியின் வாசகம்

அந்தச் சேர்ப்பின் வடிவத்தைத் தீர்மானித்த ஆவணம் என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால், 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் வந்த 1997ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகளையே சுட்ட வேண்டும். அதற்குமுன் 1979ஆம் ஆண்டு அமைச்சரவைக் குழு அறிக்கை, உடல் மனக் குறைபாடுள்ள குழந்தைகளின் கல்விக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. 1988இல் கோலாலம்பூரில் கற்றல் சிக்கல் உள்ளோருக்கான முன்னோட்ட வகுப்பு தொடங்கியது. 1997ஆம் ஆண்டு விதி இவற்றுக்குச் சட்ட எல்லை வகுத்தது. ஆட்டிச வரலாறுகள் இதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அதில் ஆட்டிசம் என்ற சொல் இல்லாததே அதற்குக் காரணமாக இருக்கலாம். அந்தச் சொல் இல்லாமல் போனதே இங்கு கூர்ந்து நோக்கத்தக்கது.

விதியின் பொருள் மூன்று அடுக்குகளாக அமைகிறது. முதல் அடுக்கு வகைகளைச் சொல்கிறது: பார்வைக் குறை, செவிப்புலக் குறை, கற்றல் சிக்கல். ஆட்டிசம் உள்ள குழந்தை மூன்றாம் வகைக்குள் டவுன் நோய்க்குறி, கவனக்குறைவு மிகையியக்கம், மிதமான அறிவு வளர்ச்சிக் குறைபாடு ஆகியவற்றோடு சேர்கிறது. இரண்டாம் அடுக்கு தகுதியைச் சொல்கிறது: கற்பிக்கத்தக்க மாணவரே சேரலாம், பிறர் உதவியை நாடாமல் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடிந்தவரே கற்பிக்கத்தக்கவர். பலவகைக் குறைபாடு உள்ளோரும், கடுமையான உடற்குறை அல்லது கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளோரும் சேர முடியாது. மூன்றாம் அடுக்கு உறுதிசெய்வோரைச் சொல்கிறது: மருத்துவர், கல்வி அமைச்சின் அதிகாரிகள், நலத்துறை அதிகாரிகள் ஆகியோர் அடங்கிய குழு.

மூன்றாம் அடுக்கு ஈயாலின் வாசிப்புக்கு நேர் எதிரான சான்று. அமெரிக்காவில் நோயறிதலை விரித்தது பெற்றோரும் சிகிச்சையாளரும் அமைத்த கூட்டணி என்கிறது அந்நூல். மலேசிய விதி மருத்துவம், கல்வி, நலம் ஆகிய மூன்று அரசுத் துறைகளை மேசையைச் சுற்றி அமர்த்துகிறது. பெற்றோருக்கு அங்கே இருக்கை இல்லை. பெற்றோர் இயக்கமே இல்லை என்பதன்று. மலேசிய தேசிய ஆட்டிசச் சங்கம் 1980களின் பிற்பகுதியிலேயே தோன்றிவிட்டது. ஆனால் அச்சங்கம் தலைநகரில் வேரூன்றியது. சுங்கை சிப்புட் தோட்டத்துத் தாய் எதிர்கொண்டது சங்கத்தை அன்று, அந்த அரசுக் குழுவையே.

இரண்டாம் அடுக்கின் விளைவு இன்னும் ஆழமானது. தானே உண்ண, தானே கழிவறைக்குச் செல்ல முடியாத குழந்தைக்குப் பள்ளியில் இடம் இல்லை. கானர் விவரித்த குழந்தைகளில் சிலருக்கே இவ்விதியின்படி இடம் கிடைத்திருக்காது. மறுமுனையில், நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தும் ஒருவரோடும் பழகாத, ஒரே பொருளில் ஊன்றிக் கிடக்கும் பிள்ளைக்குச் சான்றிதழ் தேட யாருக்கும் காரணம் இல்லை. அவர் சாதாரண வகுப்பில் தேர்ச்சி பெற்றுக்கொண்டிருக்கிறார். ஆக, கடுமையானதிலிருந்து மிதமானது வரை நீளும் ஆட்டிச அலைமாலையின் ஒரு முனையை விதி வெட்டியது. மறுமுனை எவரும் கேட்காததால் மறைந்தது. எஞ்சிய நடுப்பகுதியே பேராக்கின் பள்ளிகளில் ஆட்டிசமாகக் காட்சியளித்தது.

இந்த விதி பள்ளிச் சேர்க்கை பற்றியதே, நோயறிதலோடு அதற்குத் தொடர்பில்லை என்று மறுப்பு எழலாம். கோட்பாட்டளவில் அது சரி. ஆனால் நோயறிதலால் கிடைக்கும் முதன்மையான பயன் பள்ளியில் ஓர் இடம் என்றால், அந்த இடத்தைப் பெறவே முடியாதவரும், பெறத் தேவையில்லாதவரும் மருத்துவமனை வரிசையில் நிற்க மாட்டார்கள். தாப்பாவிலிருந்தோ பாகான் செராயிலிருந்தோ நாட்கூலியை இழந்து ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் பலமுறை வந்துபோக வேண்டிய குடும்பத்துக்கு இது வாழ்க்கைக் கணக்கு.

தமிழ்க் குடும்பங்களுக்கு அக்கணக்கில் மேலும் ஓர் இழப்பு உண்டு. ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்புகள் தமிழ்ப்பள்ளிகளில் சிலவற்றில் மட்டுமே இயங்குகின்றன. மற்ற இடங்களில் சான்றிதழ் பெற்ற பிள்ளை தேசியப் பள்ளிக்குச் சென்று மலாய் மொழியில் கற்க வேண்டும். மொழி தாமதமாக வருவதையே தன் முதல் சிக்கலாகக் கொண்ட குழந்தைக்கு, நோயறிதலின் உடனடி விளைவு வீட்டு மொழியிலிருந்து பள்ளி பிரிவது. இந்நிலையில் பெற்றோர் சான்றிதழைத் தள்ளிப்போடுவதை அறியாமை என்று மட்டும் எழுதுவது நியாயமாகாது.

2013ஆம் ஆண்டின் புதிய விதிமுறைகள், மருத்துவர், கண்பார்வை நிபுணர், செவியியலாளர், உளவியலாளர் ஆகியோரில் ஒருவரின் சான்றை அடிப்படையாகக் கொண்டன. 2019இல் எந்தக் குழந்தையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை வந்தது. 1997இல் வெட்டப்பட்ட முனை சட்டப்படி மீண்டும் உள்ளே வந்தது. பள்ளிகளில் ஆளும் இடமும் அதே அளவுக்குக் கூடினவா என்பது தனி ஆய்வுக்குரியது.

5. ஆயிரத்துக்கு 1.6

மலேசியாவில் ஆட்டிசத்தின் விகிதம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஓர் எண்ணையே திரும்பத் திரும்ப எடுத்தாள்கின்றனர்: ஆயிரத்துக்கு 1.6. சுகாதார அமைச்சு குழந்தை நல மருந்தகங்களில் 18 மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளிடம் எம்-சாட் என்னும் வினாப்பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்த சோதனை ஆய்விலிருந்து அது வந்தது. 2014ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டியும் அதை மேற்கோளாகத் தருகிறது.

இந்த எண்ணை மற்ற எண்களின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். லாட்டரின் 1966ஆம் ஆண்டுக் கணக்கு ஆயிரத்துக்கு 0.45, விங், கோல்டு கணக்கு 2.1, கோயாங் கணக்கு 26.4. மலேசிய எண் மிடில்செக்ஸுக்கும் கேம்பர்வெல்லுக்கும் இடையே, 1970களின் எல்லைக்குள் நிற்கிறது. இதை மலேசியாவில் ஆட்டிசம் அரிது என்பதற்குச் சான்றாகக் கொள்வதும் எல்லை குறுகலாக வரையப்பட்டதற்குச் சான்றாகக் கொள்வதும் ஒன்றாகாது. அந்த ஆய்வின் நோக்கம் வினாப்பட்டியல் மருந்தகத்தில் நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதே; நாட்டின் விகிதத்தைக் கணிப்பதன்று.

எம்-சாட்டின் மூல வடிவம் 23 கேள்விகள் கொண்டது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, விருப்பமானதைச் சுட்டுவிரலால் காட்டுகிறதா, பொருளைக் கொண்டுவந்து காண்பிக்கிறதா, மற்றக் குழந்தைகள்மேல் ஆர்வம் உண்டா என்பன போன்றவற்றுக்குத் தாய் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். அது சுமார் 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கென ஆக்கப்பட்டது. மூன்றாம் வயதில் பயன்படுத்தும்போது கருவி தன் எல்லைக்கு வெளியே செல்கிறது. விடைகளின் நம்பகம் அதைவிடப் பெரிய சிக்கல். இலங்கையின் கம்பஹா மாவட்டத்தில் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் 374 குழந்தைகளிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு பேருக்கு ஆட்டிசம் உறுதியானது. விகிதம் 93 பேருக்கு ஒருவர். ஆனால் தாய்மாரின் எம்-சாட் விடைகள் அந்த நால்வரில் ஒருவரை மட்டுமே காட்டிக்கொடுத்தன. பின்னர் அக்குழு கேள்விகளைப் படங்களாக்கிய ஒரு கருவியை உருவாக்கியது.

நான்கு குழந்தைகளை அடிப்படையாக்கி மலேசிய எண்ணைப் பெருக்கித் திருத்துவது முறையன்று. எனினும் திசை தெளிவு. தெற்காசியத் தாய்மார் பலருக்கும் மருந்தகத்தில் அதிகாரியின் முன் பிள்ளையைப் பற்றி 'இல்லை' என்று சொல்வது எளிதன்று. தமிழை மட்டும் தடையின்றிப் பேசும் தாய், மலாய்ப் பதிவுப் புத்தகத்தில் உள்ள கேள்வியைத் தாதி வாய்வழியே விளக்கக் கேட்டு விடை சொல்லும் நிலையில் 'ஆம்' என்பதே கண்ணியமான விடையாகிறது. ஆயிரத்துக்கு 1.6 என்பது குழந்தைகளைப் போலவே அந்த உரையாடலையும் அளந்த எண்.

6. பதிவேட்டின் வளர்ச்சி

2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பதிவு முறைக்குச் சட்ட வலு தந்தது. சமூகநலத் துறை மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் ஓகேயு அட்டைக்கு ஏழு வகைகள் உண்டு. ஆட்டிசம் கற்றல் சிக்கல் வகைக்குள் அடங்குகிறது. 1997ஆம் ஆண்டு விதியின் பெட்டி அப்படியே நலத்துறையின் பெட்டியும் ஆனது. ஆட்டிசம் உள்ளவராகப் பதிவானோர் 2013இல் 6,991 பேர். 2023 இறுதியில் 53,323 பேர்.

கையேட்டை மையமாகக் கொண்ட விளக்கம் இந்தப் பத்தாண்டில் தடுமாறுகிறது. 2013இல் வந்த கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஆஸ்பெர்கர் உள்ளிட்ட தனிப்பெயர்களை நீக்கி எல்லாவற்றையும் ஆட்டிச அலைமாலை என்ற ஒரே வகையில் சேர்த்தது. அது எல்லையைக் குறுக்கிவிடும் என்ற அச்சமே அன்று மேலோங்கியிருந்தது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட மதிப்பீட்டில், பழைய அளவுகோலின்படி ஆட்டிசம் உள்ளோரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரே புதிய வரைவுக்குள் வந்தனர். குறுக்கும் என்று கருதப்பட்ட அளவுகோல் வந்தபின் மலேசியப் பதிவேடு ஏழு மடங்குக்கு மேல் வளர்ந்தது.

அட்டையோடு சேர்ந்து வந்தவை இதற்குப் பொருத்தமான காரணங்கள். சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கும் மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான வருமானவரிக் கழிவு 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 6,000 ரிங்கிட்டிலிருந்து 8,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. நோயறிதல், தொடக்கநிலைச் சிகிச்சைச் செலவுகளுக்கான கழிவு 4,000 ரிங்கிட்டிலிருந்து 6,000 ரிங்கிட்டாயிற்று. இவற்றின் பயன் சமமாகப் பரவவில்லை. வரிக்கழிவு வரி கட்டுவோருக்கே உதவும். ஈப்போ நகரின் சம்பளக்காரக் குடும்பத்துக்கு அது காசாகும். தோட்டம் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறியபின் புந்தோங்கிலோ சுங்கை சிப்புட் ஓரத்திலோ குடியேறி நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஆகாது. 1980 முதல் 2000 வரை நாடெங்கும் அப்படித் தோட்டத்திலிருந்து பெயர்ந்த தமிழர் ஏறத்தாழ 300,000 பேர் என்பது பொதுவாகக் குறிப்பிடப்படும் மதிப்பீடு. பதிவேடு வளர்ந்த வேகத்திலேயே அதற்குள் அவர்களின் பங்கும் வளர்ந்தது என்று கொள்ள ஆதாரமில்லை.

ஓர் எச்சரிக்கையும் இங்கு தேவை. 2023ஆம் ஆண்டின் 53,323 பேரை நாட்டின் 3 கோடியே 34 இலட்சம் மக்கள்தொகையால் வகுத்தால் ஆயிரத்துக்கு 1.6 வருகிறது. முந்தைய எண்ணோடு இது பொருந்துவது முற்றிலும் தற்செயல். அது இளங்குழந்தைகளிடையே நடந்த தேடல்; இது எல்லா வயதினரிடையே தாமே வந்து பதிந்தோர் தொகை. இரண்டும் ஒன்றையொன்று உறுதிசெய்வதாக எழுதினால் பிழையான எண்ணுக்கு இரட்டைச் சான்று கிடைத்துவிடும். வளர்ச்சியில் எவ்வளவு சான்றிதழின் பயனால், எவ்வளவு விழிப்புணர்வால், எவ்வளவு மருத்துவப் பயிற்சியால் வந்தது என்று இப்போதுள்ள தரவைக் கொண்டு பிரிக்க முடியவில்லை.

7. எல்லை எங்கே அமைய வேண்டும்

மேற்கண்டவற்றை ஏற்றால், எல்லையைக் குறுக்க வேண்டும் என்ற கோரிக்கை பேராக்கில் வேறு பொருள் பெறுகிறது. மோத்ரோன் விரும்பும் மூலவடிவ அணுகுமுறை, அனுபவம் மிக்க மருத்துவர் குழந்தையைக் கண்டதும் உறுதியாக அடையாளம் காண்பதைச் சார்ந்தது. ஆராய்ச்சிக்கு அது பயன் தரும். கலப்படமான மாதிரிகளைக் கொண்டு மூளையின் இயல்பைப் பற்றி முடிவு காண முடியாது என்ற அவருடைய வாதம் வலுவானது. ஆனால் அதையே நலத்துறையின் அளவுகோலாக்கினால், மருத்துவரின் மொழியில் பிள்ளையின் வளர்ச்சியைச் சொல்ல முடிந்த குடும்பமே முதலில் தேறும். 1997ஆம் ஆண்டு விதி எழுத்தில் செய்ததை மூலவடிவம் பழக்கத்தில் செய்துவிடக்கூடும்.

அதே விதி லான்செட் ஆணையத்தின் கவலைக்குச் சாதகமாகவும் நிற்கிறது. அமெரிக்கக் கண்காணிப்புத் தரவில் ஆட்டிசம் உள்ள எட்டு வயதுக் குழந்தைகளில் 26.7 விழுக்காட்டினர் ஆழ்ந்த ஆட்டிசம் உள்ளோர் என்று 2023இல் கணிக்கப்பட்டது. எல்லோரையும் ஒரே கற்றல் சிக்கல் வகையில் அடக்கும்போது இவர்கள் புள்ளிவிவரத்தில் கரைந்துபோகின்றனர். பேராக்கில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் பள்ளிக்கு வெளியே இருந்தும், ஆட்டிசம் பெருகுகிறது என்ற பேச்சில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

அளவுகோல் இடத்துக்கு இடம் மாற வேண்டியதற்கு வேலூரிலிருந்து ஒரு சான்று உண்டு. ஷாப்ளர் குழுவினர் உருவாக்கிய ஆட்டிச அளவீட்டில் 15 கூறுகள், மொத்தம் 15 முதல் 60 வரை மதிப்பெண். 30 பெற்றால் ஆட்டிசம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பால் ரசல் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்தியாவுக்கு 33 பொருத்தம் என்றது. முப்பதுக்கும் முப்பத்து மூன்றுக்கும் இடையே விழும் குழந்தைக்கு ஓர் ஊரில் பெயர் உண்டு, மற்றோர் ஊரில் இல்லை. பேராக் தமிழ்க் குழந்தைகள் வேலூரின் எண்ணால் அளக்கப்பட வேண்டுமா, மூல எண்ணாலா என்பது இன்னும் முடிவாகாத கேள்வி. நான்கு தலைமுறைகளாக வேறு மொழிகளுக்கிடையே வளர்ந்த சமூகத்துக்கு இரண்டுமே முழுதாகப் பொருந்தும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கில்லை.

விரிவு, குறுக்கம் என்ற ஒற்றை அச்சில் இவ்விவாதத்தை நடத்துவது மூன்று தனி முடிவுகளை ஒன்றாக்கிவிடுகிறது. தேடும்போது எல்லை விரிந்திருக்க வேண்டும். தாயின் மொழியில், தேவையானால் படங்களின் துணையோடு கேட்க வேண்டும். ஆராய்ச்சியில் எல்லை குறுகலாகவும் சீராகவும் இருக்கலாம். உதவி வழங்கும்போது ஒரே அட்டையின் கீழ் உள்ளவர்களுக்குள் தேவையின் அளவு தனியே எழுதப்பட வேண்டும்; அதிகத் துணை தேவைப்படும் குழந்தையின் இடம் முதலில் உறுதியாக வேண்டும். ஈயால் குழுவினர் நிறுவனங்களைப் பார்க்கக் கற்றுத்தந்தது நிலைக்கும். எந்த நிறுவனம் காலியாயிற்று என்று அவர்கள் கேட்டனர். பேராக்கைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது, எந்த நிறுவனம் எந்தச் சான்றைக் கேட்டது, அந்தச் சான்றால் யாருக்கு என்ன கிடைத்தது என்பதே.